நெகட்டிவ் மட்டுமே காட்டிய மழைக்காலம்

போன வாரம் உங்கள் லேபுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னிடம் அந்தக் கருவியைக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. மூக்கில் எடுத்த குச்சியைத் திரவத்தில் கலக்கி, கார்ட்ரிட்ஜில் இரண்டு சொட்டு விட்டு, கருவிக்குள் செருகினாள். நாங்கள் வீட்டுக் கதை பேசி முடிப்பதற்குள் கொரோனா இல்லை, இன்ஃப்ளூயன்சா இருக்கிறது என்று எழுத்து வந்துவிட்டது. "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள்.

இருந்தது. நான் லேப் டெக்னீஷியனாக இருந்த காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு முதல் கருவி வந்தபோது பெட்டியைப் பிரித்தவளே நான்தான். அன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவளிடம் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது என்று தோன்றியது. அதனால் இதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். குச்சியை எத்தனை முறை சுழற்ற வேண்டும், கார்ட்ரிட்ஜை எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நாங்கள் வேலை செய்த விதத்தை நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கொரோனா உச்சத்தில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஐஸ் பெட்டிதான் எல்லாம். மூக்குக் குச்சிகளைக் குழாய்களில் அடைத்து, பெட்டியில் அடுக்கி, சென்னைக்கு வண்டி ஏற்றுவோம். முடிவு வர மறுநாள் ஆகும், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். அதுவரை வீட்டார் போர்டிகோவில் உட்கார்ந்திருப்பார்கள். லேப் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டாலே எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். சிலருடைய முடிவு வந்து சேரும்போது அவர்களே உயிரோடு இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் நான் ஜன்னலைச் சத்தமில்லாமல் திறக்கப் பழகிக்கொண்டேன்.

ஆகவே அந்தச் சின்னக் கருவி வந்தபோது எங்களுக்கு அது கருவியாகத் தோன்றவில்லை. வரம் போலத் தோன்றியது. கொரோனா பெரிய செய்தியாக இருந்த காலம் முடிந்து, ஆனால் டயாலிசிஸ் நோயாளிகள் போன்றவர்களுக்கு இன்னும் ஆபத்தாக இருந்த காலம் அது. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன மின்தகட்டில் வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் மாறும், அந்த மாற்றத்தைக் கருவி படித்துச் சொல்லும் என்று கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் விளக்கினார். சோதனைக்காக எங்களிடம் சில மாதம் கொடுத்து வைத்திருந்தார்கள். முதல் நாள் டியூட்டி டாக்டர் தன் மூக்கையே நீட்டினார். நெகட்டிவ். எல்லோரும் கை தட்டினோம். டீ ஆறுவதற்குள் முடிவு! அன்று குடித்த டீயின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கருவியை டயாலிசிஸ் ஹாலின் வாசலில் வைத்தோம். அங்கேதான் அதற்கு வேலை அதிகம். சிறுநீரகம் பழுதானவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, குளிர்பதனம் செய்த, ஜன்னல் மூடிய ஹாலில் அரை நாள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தொற்று இருந்தால் எல்லோருக்கும் போகும். அவர்களில் பலருக்கு அதைத் தாங்கும் உடம்பு இல்லை.

லேபை விட்டு அந்த ஹாலுக்குப் போவது எனக்குப் பிடிக்கும். இன்றும் நான் ஏங்குவது அந்த ஹாலுக்குத்தான். மத்தியான ஷிப்ட்டில் வருபவர்கள் வருஷக்கணக்காக ஒன்றாகவே வந்துகொண்டிருந்தவர்கள். சிறுநீர் பிரியாததால் யாருக்கு உடம்பில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது, குடிக்கக் கூடாத இளநீரை யார் திருட்டுத்தனமாகக் குடித்தார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எடை பார்க்கும் மிஷின்மேல் ஒருவர் ஏறினால் மற்றவர்கள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

ஆரோக்கியம் என்பவர்தான் அந்த ஷிப்ட்டுக்கு ராஜா. ஓரிக்கைக்காரர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏனாத்தூர் காலேஜுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். டயாலிசிஸ் இல்லாத நாளில் அப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்ச்சில் பாடிய குரல். ஊசி குத்தும்போது வலி தெரியாமலிருக்க ஏதாவது பாட ஆரம்பிப்பார். பக்கத்து நாற்காலி விசாலாட்சியம்மாவுடையது. பிள்ளையார்பாளையத்தில் தறி வீடு. தறியில் உட்கார உடம்பு விடாததால் குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் பாட ஆரம்பித்தால், "எப்பா, உன் பாட்டக் கேட்டா என் பிரஷர் ஏறுது. மிஷினு கத்துது பாரு" என்பார். ஆனால் ஆரோக்கியம் பாடாத நாளில், "இன்னாபா, சாமிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அவரே கேட்பார்.

ஹாலுக்குப் பொறுப்பாக ஒரு சிஸ்டர் இருந்தார். அவர் பெயரைச் சொல்வதை அவர் விரும்பமாட்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நான் வேலையில் பாடம் கற்றவர்கள் என்று யோசித்தால் முதலில் வரும் முகம் அவருடையதுதான். மெதுவாகப் பேசுவார். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் அது இரண்டு நாள் நம்மைத் தூங்க விடாது.

அந்த நாட்களில் ஒரு விதி இருந்தது. தொற்று இருப்பதாகக் கருவி சொன்னால் அந்த நோயாளி ஹாலுக்குள் வரக் கூடாது. தனி அறை வசதி உள்ள சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். விதி நியாயமானதுதான். கருவி வந்த சில வாரங்களில் கூரத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தது. அனுப்பினோம். அங்கே கூட்டம். வண்டி கிடைக்கவில்லை, இடம் கிடைக்கவில்லை, ஒரு முறை செய்ய வேண்டிய டயாலிசிஸ் தவறிப்போனது. நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்தபடி எங்களிடமே ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார். மத்தியான ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் வாசலில் காத்திருந்த நேரம். அவர்கள் நடுவேதான் ஸ்ட்ரெச்சர் போனது. வாத்தியார் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் தன் காலால் நடந்து வரவில்லை.

அதன் பின் மழைக்காலம் வந்தது. ஐப்பசி அடைமழை. ஊர் முழுக்கச் சளி, காய்ச்சல். புறநோயாளிகள் வரிசை கேட் வரைக்கும் நின்றது. ஆனால் டயாலிசிஸ் ஹால் வாசலில் எங்கள் கருவி நெகட்டிவ், நெகட்டிவ், நெகட்டிவ் என்று காட்டிக்கொண்டே இருந்தது. கம்பெனி இளைஞருக்கு மகிழ்ச்சி. "வாசல்லயே ஃபில்ட்டர் பண்றதால உள்ள பரவவே இல்ல மேடம்" என்று சொல்லி, கருவியை வைத்துக்கொண்டு என்னையும் சிஸ்டரையும் படமெடுத்துப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

படமெடுத்தவர் போன பிறகு சிஸ்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"மேடம், ஊரே இருமிட்டிருக்கு. நம்ம ஸ்டாஃப்லயே பாதிப் பேர் லீவு. இவங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் வரல?"

நான் கருவியை வாசலிலிருந்து லேபுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். வைரஸ் இருக்கிறது என்று தெரிந்த மாதிரியைக் கொடுத்தால் பாசிட்டிவ் என்றது. இல்லாததைக் கொடுத்தால் இல்லை என்றது. கருவியில் ஒரு குறையும் இல்லை. கார்ட்ரிட்ஜ் பெட்டியைப் பார்த்தேன், தேதி தாண்டவில்லை, வெப்பம் ஏறவில்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது ஏற்படும் பயம் இருக்கிறதே, அது ஏதாவது உடைந்திருக்கும்போது ஏற்படும் பயத்தைவிடப் பெரியது.

அடுத்த மத்தியான ஷிப்ட்டுக்கு நானே ஹால் வாசலில் போய் நின்றுகொண்டேன். நோயாளிகள் தாங்களே மூக்கில் குச்சி விட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனி விளக்கத்தாளிலேயே இருந்தது. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அன்று நான் கையைப் பார்க்காமல் குச்சியைப் பார்த்தேன். முதல் ஆள் முகக்கவசத்தை லேசாகத் தூக்கினார், துண்டால் மறைத்துக்கொண்டார், குச்சி உள்ளே போனது போல இருந்தது, வெளியே வந்தது. நுனியில் ஈரமே இல்லை. அடுத்தவரும் அதேபோல. அதற்கடுத்தவரும். எல்லோரும் ஒரே ஆளிடம் பாடம் கேட்டவர்கள் மாதிரி, அதே சாய்வு, அதே துண்டு.

எங்கள் கருவி, கார்ட்ரிட்ஜில் திரவம் ஓடியதா என்று மட்டும்தான் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். குச்சி மூக்குக்குள் போனதா என்று அதற்குத் தெரியாது. ஒன்றுமில்லாத தண்ணீரைக் கொடுத்தாலும், வைரஸ் இல்லை என்று சத்தியமாகச் சொல்லும். பொய் சொன்னது அது இல்லை.

அதுவரை வந்தவர்களிடம் இருமலோ காய்ச்சலோ தெரியவில்லை. கடைசியாக ஆரோக்கியம் வந்தார். படியேறும்போதே இருமல் கேட்டது. வாசலுக்கு வந்ததும் அடக்கிக்கொண்டார். கண் சிவந்திருந்தது. குச்சி, துண்டு, சாய்வு. நெகட்டிவ். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

உள்ளே மற்றவர்களுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். விசாலாட்சியம்மா நிமோனியாவிலிருந்து எழுந்து வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலி ஆரோக்கியத்துக்காகக் காலியாக இருந்தது.

"ஆரோக்கியம், ஒரு நிமிஷம் வெளியில உக்காருங்க. உங்க மிஷின்ல ஒரு சின்ன வேலை இருக்கு" என்று சிஸ்டர் சொன்னார். அவரும் பார்த்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாங்கள் இருவரும் டியூட்டி டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர், சின்ன வயசு. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"மெஷின் நெகட்டிவ்னு சொல்லுதே மேடம். நாம எப்படி இல்லன்னு சொல்றது?"

"மெஷினுக்கு நாம எதுவுமே குடுக்கல டாக்டர்" என்றேன்.

"அப்ப நீங்களே போய் சரியா எடுங்க. பாசிட்டிவ்னா சென்னைக்கு எழுதிடலாம்."

நான் கிளம்பிவிட்டேன். அதுதான் என் வேலை, எனக்கு அதைச் செய்யத் தெரியும். சிஸ்டர் என் கையைப் பிடித்தார்.

"மேடம், இப்ப எல்லார் எதிர்லயும் அவரைப் பிடிச்சு எடுத்தீங்கன்னா பாசிட்டிவ் வரும். அவரைச் சென்னைக்கு அனுப்புவோம். நாளையிலேருந்து இந்த ஹால்ல ஒருத்தரும் இருமக்கூட மாட்டாங்க. அடக்கிட்டே சாவாங்க. மூக்கைக் கேக்கறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு இடத்தை வாங்கணும்."

டாக்டர் என்ன இடம் என்று கேட்டார். சிஸ்டர் அதை முன்பே யோசித்து வைத்திருந்தார். மத்தியான ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு ஹால் காலியாகத்தானே இருக்கிறது. ஜன்னலோரக் கடைசி மிஷினில் அவரை மட்டும் போடலாம். ஜன்னலைத் திறந்து வைக்கலாம். முடிந்ததும் கழுவித் துடைத்தால் மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பிக்க நேரம் இருக்கிறது. கொரோனாக் காலத்துக் கவச உடைகள் ஸ்டோரில் கிடக்கின்றன. சிஸ்டர் தங்குவார். நானும் தங்குகிறேன் என்றேன்.

டாக்டர், ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது. யார் பொறுப்பு, யார் துடைப்பது, நாளைக்கு இன்னொருவருக்குப் பரவினால் யார் பதில் சொல்வது. எல்லாம் சரியான கேள்விகள்தான். கடைசியில், "இன்னிக்கு மட்டும்" என்று அனுமதி வந்தது.

ஆரோக்கியம் வராந்தாவின் கடைசியில், சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மழை விட்டு விட்டுப் பெய்தது. நான் அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன், சிஸ்டர் பக்கத்தில் நின்றார்.

"எத்தினி நாளா இருமல் ஆரோக்கியம்?"

"இருமலா? ஆட்டோ ஓட்றவன் மேடம். தூசி."

"மழையில ஏது தூசி?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"வாத்தியார் வந்ததைப் பார்த்தியா மேடம்? நான் பார்த்தேன். மீனு கரையில கெடந்து துள்ற மாரி வந்தாரு. நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன், குச்சிய உள்ள வுடாதீங்கன்னு. என்னை இன்னா வேணா பண்ணு. ஆனா சென்னைக்கு மட்டும் அனுப்பாத. எனக்குத் தெரியும், நான் போனா திரும்பி வரமாட்டேன்."

"உங்க பக்கத்துல விசாலம்மா உக்காந்திருக்காங்களே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெரியும் மேடம். போன தபா அந்தம்மா என்னாண்ட பேசிக்கினே இருந்துச்சு. நான் மூஞ்சத் திருப்பிக்கினே உக்காந்திருந்தேன். கோவிச்சுக்கிச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இன்னா பண்றது? நீயே சொல்லு."

சிஸ்டர் மாலை ஏற்பாட்டைச் சொன்னார். ஆரோக்கியம் முழுவதும் கேட்டார். வண்டி ஓட்டுகிறவர் இல்லையா, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உடனே பார்த்துவிட்டார்.

"இன்னிக்கு சரி. நாளன்னிக்கு?"

நான் சிஸ்டரைப் பார்த்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். தொற்று இறங்க வாரத்துக்கு மேலாகலாம். இன்றைக்கு மட்டும் என்பது அவருக்கு ஒரு பதிலே இல்லை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உண்மை சொன்னால் அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்றும் தெரிந்தது.

"இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று சிஸ்டர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "உங்களுக்கு நெகட்டிவ் ஆகற வரைக்கும் சாயங்காலம் இங்கேயேதான். எங்கேயும் அனுப்பமாட்டோம்."

ஆரோக்கியம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றி, தலையை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் குச்சியை விட்டேன். கருவி பாசிட்டிவ் என்றது. இத்தனை வாரமாகக் காத்திருந்த மாதிரி உடனே சொல்லிவிட்டது.

பிற்பாடு சிஸ்டர் என்னிடம் சொன்னார். அன்று அவர் உள்ளே போய்ப் போன் செய்தது உண்மை. மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு, வெளியே வந்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். இப்படிச் செய்யுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. நானாக இருந்தால் செய்திருக்கமாட்டேன். ஆனால் வேறு எந்த வார்த்தைக்கும் அந்த மனிதர் தலையை நிமிர்த்தியிருக்கமாட்டார் என்பதையும் நான் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு சிஸ்டர் தன் வேலையையே அடகு வைத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. ஷிப்ட் முடியும்வரை ஆரோக்கியம் வராந்தாவில் காத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்தோம். பாதி நேரம் போவதற்குள் அவரால் சாய முடியவில்லை. முன்னால் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். "நுரையீரல்ல தண்ணி ஏறிட்டிருக்கு. ரொம்ப நேரம் வைக்க முடியாது" என்றார். வேறு எங்கும் அனுப்பவும் முடியாது, அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ. ஹாலுக்குள் கொண்டு போகவும் முடியாது.

வராந்தாவுக்கும் ஹாலுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. உள்ளே இருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்க உள்ளே போனபோது விசாலாட்சியம்மா கேட்டார்.

"சிஸ்டர், அவன் ஏன் வெளியவே குந்திக்கினு இருக்கான்? வந்துடுச்சா அவனுக்கு?"

சிஸ்டர் ஒளிக்கவில்லை. "வந்துடுச்சு. நீங்க எல்லாரும் முடிச்சுட்டுப் போனதும் இங்கேயே அவருக்குப் போடறோம். சென்னைக்கு அனுப்பல."

விசாலாட்சியம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"அதுவரைக்கும் தாங்குவானா?"

சிஸ்டர் அழுத்தப் பட்டியைக் கழற்றினார். விசாலாட்சியம்மா டயாலிசிஸ் குழாய் மாட்டிய கையை அசைக்காமல், மற்றக் கையால் எதிர்ப் பக்கம் இருந்தவர்களைக் காட்டினார். "எங்களைக் கொஞ்சம் முன்னாடியே மிஷின்லேருந்து எறக்கி வுட்டா?"

"முழு நேரம் ஓடணுமே விசாலம்மா."

"தெரியும். ஒரு தபாதானே? தறியில பாதியில எழுந்து போறது எனக்குப் புதுசா இன்னா? வூட்ல கூப்ட்டா எழுந்து போவேன், திரும்பி வந்து குந்திப்பேன். இன்னாபா, நீங்க இன்னா சொல்றீங்க?"

எதிரில் இருந்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த முதுகைப் பார்த்தார். "எறக்குங்க சிஸ்டர்" என்றார். ஒருவர் மட்டும், இளைஞர், உடனே சம்மதிக்கவில்லை. பிறகு, "எனக்கு அடுத்த தபா சேர்த்து ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. உயிரை ஓட்டும் நேரம் அது, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். டாக்டர் ஒவ்வொருவர் எடையையும் அழுத்தத்தையும் பார்த்தார். அன்றைக்குக் கொஞ்சம் குறைத்தால் ஆபத்தில்லை, அடுத்த முறை ஈடு செய்துவிடலாம் என்றார்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனார்கள். விசாலாட்சியம்மா மட்டும் கண்ணாடியருகே ஒரு கணம் நின்றார். தட்டினார். ஆரோக்கியம் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தம்மா ஏதோ சொன்னார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வராந்தாவில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. திட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆரோக்கியம் இரண்டு கையையும் கூப்பினார்.

ஜன்னல்களைத் திறந்தோம். மழைக்காற்று ஹாலுக்குள் வந்தது. கவச உடைக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. சிஸ்டர் ஊசியைக் குத்தியபோது ஆரோக்கியம் பாடவில்லை, அதற்கு மூச்சில்லை. ரத்தம் குழாயில் ஓடி, தண்ணீர் இறங்க இறங்க, குனிந்திருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் சாய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வேலைக்காலம் முழுதும் எத்தனையோ முடிவுகள் கொடுத்திருக்கிறேன். கொடுத்த முடிவு ஒரு மனிதனுக்கு நல்லதாக முடிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான்.

அந்த நேரத்தில் பெரிய டாக்டர் வந்தார். வாசலிலேயே நின்றார். சிஸ்டர் போய், நெகட்டிவ் ஆகும்வரை என்று தான் வாக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னார். நன்றாகத் திட்டு விழுந்தது. திட்டி முடித்த பிறகு பெரிய டாக்டர் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தார். ஆரோக்கியம் சாய்ந்தபடியே வணக்கம் வைத்தார். பெரிய டாக்டர், "துடைக்கறதுக்கு ஆள் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுதான் அனுமதி.

ஆரோக்கியம் அந்தத் தொற்றிலிருந்து மீண்டார். பிறகும் பல காலம் ஏனாத்தூருக்கு ஆட்டோ ஓட்டினார். அவர் இப்போது இல்லை. அது வேறு கதை, இதயம். அந்தப் பழைய ஹாலும் இல்லை, புதுக் கட்டடத்தில் தனி அறையே கட்டிவிட்டார்கள். அதன் வழியாகப் போகும்போதெல்லாம் ஏதாவது பாட்டுக் கேட்குமா என்று என் கால் தானாகவே நிற்கும்.

உங்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், ஆமாம் என்று முடிவு வந்தால் இந்த மனிதர் எங்கே போவார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கருவியும் இல்லை என்றுதான் சொல்லும். அதை மாற்றும் அதிகாரம் லேபில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. ஆனால் முடிவுகள் ஏன் இப்படி வருகின்றன என்று முதலில் தெரிவது நமக்குத்தான். தெரிந்தவர்கள் போய்ச் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியத்தின் அந்த மாலைக்கு அடுத்த டயாலிசிஸ் நாளிலும் மழை இன்னும் விடவில்லை. நான் லேபைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே விசாலாட்சியம்மா நின்றிருந்தார். மகன் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றான். அவர் ஷிப்ட்டுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. என்னம்மா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன்.

"ராத்திரிலேருந்து ஒடம்பு கொதிக்குது. ஹாலாண்ட போவல, நேரா இங்க வந்துட்டேன். எடு."

நான் கையுறையைத் தேடுவதற்குள் முகக்கவசத்தை இறக்கி, முகத்தை மேலே தூக்கிவிட்டார். மழைத்துளி கன்னத்தில் விழுந்தது, துடைக்கவில்லை. குச்சி உள்ளே போனபோது கண்ணில் நீர் வந்தது, அசையவில்லை.

இரவில் லேபிலேயே வைத்திருந்த கருவிக்கு முன்னால் நானும், ஜன்னலுக்கு வெளியே அவரும் காத்திருந்தோம். பாசிட்டிவ் என்று வந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே ஜன்னலுக்கு வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"சரி" என்றார். "சாயங்காலம் எத்தினி மணிக்கு வரணும்மா?"